ஒரே திரை, கவுண்டரின் இரண்டு பக்கம்: திருகோணமலைக் கடையொன்றில் ஒரு தொடுதிரைக் கணினி

2022 ஓகஸ்ட் முதற்கிழமை. அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருக்கும் ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கணினிக்கு உயிர் வரவில்லையாம். போய்க் கழற்றிப் பார்த்தால் மதர்போட்டின் ஒரு மூலை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. திருகோணமலையில் கணினி திருத்துகிறவனுக்கு இது பழகிய நிறம். நகரத்துக்கு ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்போடுதான் வரும். பெட்டிக்குள் சுழலும் விசிறி அந்தக் காற்றை இழுத்து இழுத்துச் செம்புக் கோடுகளின் மேல் பூசிவிடும்.

அந்தக் கணினிக்குப் பதிலாக நான் சொல்லி வாங்க வைத்த ஒரு தொடுதிரைக் கணினியின் கதை இது. வாங்கியது பிழைத்துப்போனது, அதில் பெரிய பங்கு என்னுடையது. தொடுதிரைக்காகச் செய்த இயங்குதளம் மேசைக் கணினியில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒத்துவருமா என்று யாராவது கேட்டால், நான் இப்போது இந்தக் கடையில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கடையும் வேலையும்

வெளியூர் வாசகருக்கு: இலங்கையில் கொமினிகேஷன் என்றால் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு நிமிடக் கணக்கில் கதைக்கும் இடம். கைபேசி வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுகொண்டது. இப்போது அங்கே போட்டோக் கொப்பி, ரீலோட் (போனுக்குக் காசு ஏற்றுவது), லமினேற்றிங், தட்டச்சு, படிவம் நிரப்புதல் எல்லாம் நடக்கும்.

இந்தக் கடையில் இரண்டு பேர். முதலாளி அண்ணன் கவுண்டரில் நிற்பார். உள்ளே ஒரு அக்கா தட்டச்சு செய்வார். பதினைந்து வருடத்துக்கு மேலாக அதே கதிரை. தவணைப் பரீட்சை வந்தால் ஆசிரியர்கள் கையால் எழுதிய வினாத்தாளோடு வந்து நிற்பார்கள். கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், காணி பற்றிய கடிதம், வேலைக்கு விண்ணப்பம், எல்லாம் அவர் கையால்தான். அதைவிட முக்கியம், செத்தவீட்டுக்குப் பிறகு முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை, நினைவு மலர். தேவாரம், குடும்ப விபரம், உறவினர் பட்டியல் என்று இருபது முப்பது பக்கம் வரும். பிழை விட்டால் ஒரு குடும்பமே வந்து சண்டை பிடிக்கும்.

அக்கா அடிப்பது பாமினியில். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முன்பே இலங்கையில் ஊன்றிவிட்ட எழுத்துரு அது, தமிழ்த் தட்டச்சுப்பொறியின் கைப்பழக்கத்தை ஒட்டியது. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து தட்டல். அக்காவுக்கு அந்த ஆங்கில எழுத்துகள் எதுவும் தெரியவேண்டியதில்லை. விரலுக்குத் தெரியும். கண் கையெழுத்துத் தாளில் இருக்கும், விரல் ஓடிக்கொண்டிருக்கும். திரையைக்கூட ஒரு வரி முடிந்த பிறகுதான் பார்ப்பார்.

இதை நான் பல வருடமாகக் கண்டிருக்கிறேன். கண்டும் யோசிக்கவில்லை.

என் புத்தி

புதுக் கணினி வாங்குவது அந்த வருடம் கனவு. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டிவிட்டது. பாவித்த பெட்டிக்குக்கூட முன்பு புதுப் பெட்டிக்குக் கேட்ட விலையைச் சொன்னார்கள். அதுவும் போக மின்வெட்டு. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போயிற்று. ஓகஸ்டில் அவ்வளவு இல்லை, ஆனாலும் கரண்ட் நாள்தோறும் போய்வந்தபடிதான். பழைய யூபிஎஸ் ஒரு கணினியையும் திரையையும் சில நிமிடம் தாங்கினாலே பெரிய விஷயம்.

அந்த நேரத்தில் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அதற்குப் பிறகு கொரோனா, அதற்குப் பிறகு பெற்றோல் வரிசை. விருந்தாளி எங்கே வருவது? அவர்களுடைய வரவேற்பு மேசையில் இருந்த ஒரு கணினி, திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தது, 21.5 அங்குலம், தொடுதிரை. உள்ளே ஓடுவது போன்களில் ஓடும் இயங்குதளமான அன்ட்ரொயிட் 7. செய்த கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். செய்த வேலைக்கு அது நல்ல சாமான்தான், அதைப் பிடுங்கி வேறு வேலைக்கு வைத்தவன் நான்.

அண்ணனிடம் நான் சொன்ன நியாயம் இது. விலை பாவித்த பெட்டியின் பாதியும் இல்லை. மின்சாரம் கொஞ்சமாகத்தான் இழுக்கும், யூபிஎஸ்ஸில் நின்று பிடிக்கும். இப்போது எல்லாருக்கும் போன் பழக்கம், போன் தெரிந்தால் இதுவும் தெரியும். விசைப்பலகையும் மவுஸும் பூட்டலாம். பிறகென்ன?

இந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. அண்ணனுக்குச் சரியாகப் பட்டது, வாங்கினோம். அக்காவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கவுண்டருக்கு வெளியே

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய இருந்தது.

எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்திருந்தது. வாகனம் வைத்திருக்கிற எல்லாரும் இணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி (வாகனத்தின் அடிச்சட்டம்) இலக்கம் மூன்றையும் போட்டு, போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் அடித்தால் கியூஆர் வரும். அதை அச்சடித்து லமினேற் பண்ணி ஓட்டோவில் தொங்க விடுவார்கள். கடைக்கு அந்த மாதம் வந்தவர்களில் பாதிக்கு மேல் அதற்குத்தான்.

பழைய கணினி இருந்தபோது அண்ணன்தான் கேட்டுக் கேட்டு அடிப்பார். செசி இலக்கம் நீளமானது, எழுத்தும் எண்ணும் கலந்து வரும். வாகனப் புத்தகத்தின் மங்கிய கொப்பியைப் பார்த்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அடிக்க, ஓர் எழுத்துப் பிழைத்தால் பதிவு விழாது. தொடுதிரை வந்ததும் அண்ணன் அதைக் கவுண்டரில் வைத்து வந்தவர் பக்கம் திருப்பிவிட்டார். நீங்களே அடியுங்க என்றார்.

அடித்தார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், வாழ்க்கையில் மவுஸ் பிடித்திராதவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு விசையாகத் தட்டித் தட்டிப் பதிந்து முடித்தார். “இது எங்கட போன் மாதிரித்தானே, கொஞ்சம் பெரிசு” என்றார். தன் புத்தகத்தைத் தானே வாசித்துத் தானே அடிப்பதால் பிழையும் குறைந்தது. திரையில் பெட்டி பெரிது, விசை பெரிது, ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி. நின்றபடியே ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கை வலிப்பதற்கு முன் ஆள் போய்விடுவார்.

இடையில் ஒரு வில்லங்கம். ஒருவர் அடித்த அடையாள அட்டை இலக்கத்தைத் திரை விசைப்பலகை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு எடுத்துக் காட்டியது. இரண்டாம் நாளே கண்டு அந்தப் பரிந்துரையை நிறுத்தினேன். ஒரு ஆள் பாவிக்கும் போனில் அது வசதி, ஊரே பாவிக்கும் திரையில் அது ஆபத்து. பொது இடத்தில் தொடுதிரை வைக்கிறவர்கள் முதலில் தேட வேண்டிய அமைப்பு அதுதான்.

மின்வெட்டிலும் நான் சொன்னபடியே நின்றது. பக்கத்துக் கடைகள் இருட்டில் இருக்க இங்கே கியூஆர் வந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு நல்ல சந்தோஷம். எனக்கும்தான்.

கவுண்டருக்கு உள்ளே

பதிவு வேலை ஓய்ந்த நேரங்களில் திரையை உள்பக்கம் திருப்பி அக்கா தட்டச்சுக்கு உட்காருவார். மூன்றாம் நாள் நான் ரீலோட் போடப் போனபோது என்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பைக் காட்டினார். முந்தின வருடம் அடித்த வினாத்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் ‘தமிழ்’ என்பது தமிழாகத் தெரியாது, ஜே கே பி ஓ என்றே நிற்கும். விண்டோஸில் எழுத்துருக் கோப்பை இரண்டு தடவை சொடுக்கினால் நிறுவிவிடலாம். இந்தக் கணினியில் கணினி முழுவதற்கும் எழுத்துரு போட வழி விடவில்லை.

“தம்பி, என்ட பதினைஞ்சு வருச வேலை இதுக்குள்ள ஒண்டும் தெரியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

எழுத்துருவும் அச்சடிப்பும் தொடுதலின் குற்றம் இல்லை. அச்சடிப்பு இன்னொரு தலையிடி: அன்ட்ரொயிட்டில் 2013இல் வந்த 4.4ஆம் பதிப்பிலிருந்து அச்சிடும் வசதி உண்டு, ஆனால் அது வலையமைப்பில் இருக்கும் பிரிண்டரை நினைத்துச் செய்தது. கடையில் இருந்தது யூஎஸ்பி வயரில் மட்டும் ஓடும் பழைய லேசர் பிரிண்டர். கடைசியில் என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு நடுவில் இருத்தி, பிரிண்டரை வைஃபைக்குப் பகிர்ந்துவிட்டேன். ஒரு கணினி மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு கணினி. இந்த இரண்டும் பழைய உலகத்துக்குப் புதிய உலகம் கதவு திறக்காத பிரச்சினை. இவற்றைத் தொடுதிரையின் தலையில் போட்டால் அது நேர்மையான ஆய்வு ஆகாது. ஆகவே இவற்றை ஒரு பக்கம் தள்ளிவைத்து, மிச்சத்தைப் பார்ப்போம்.

மிச்சம்தான் பெரிது. இரண்டாம் கிழமை அக்காவின் வலது தோள் பிடித்துக்கொண்டது.

தட்டச்சு மேசையில் கை மடியின் உயரத்தில் இருக்கும், முழங்கை தாங்கலில் இருக்கும். தொடுதிரையில் ஒரு சொல்லைத் தெரிவு செய்ய, ஒரு பொத்தானை அமுக்க, கையைத் தூக்கி முன்னால் நீட்ட வேண்டும். ஒரு தடவை நீட்டினால் ஒன்றுமில்லை. ஒரு வினாத்தாளில் நூறு தடவை நீட்ட வேண்டும், அப்படி நாளுக்குப் பல வினாத்தாள். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1983இல் எச்பி நிறுவனம் எச்பி 150 என்ற தொடுதிரைக் கணினியை விட்டபோதே, நிமிர்ந்த திரையைத் தொட்டு வேலை செய்தால் கை கனத்துப்போகும் என்பது பேச்சாகிவிட்டது. ‘கொரில்லாக் கை’ என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. 2010 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையிலேயே சொன்னார், தொடும் பரப்பு நிமிர்ந்து நிற்கக்கூடாது என்று. கணினி திருத்துகிற எனக்கு இதெல்லாம் வாசித்துத் தெரியும். வாசித்தது வேறு, அக்கா சித்தாலேப தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு.

திரையைச் சாய்த்துப் பார்த்தோம். நன்றாகச் சாய்த்தால் கைக்கு இதம், ஆனால் மேலே இருக்கும் ரியூப் லைட் அப்படியே கண்ணில் விழுந்தது, கழுத்தும் குனிந்தது, விசைப்பலகை வைக்க இடமும் போயிற்று. அதற்கு மேல் வியர்வை. ஓகஸ்ட் வெயிலில், கரண்ட் போய் விசிறி நின்ற நேரத்தில், ஈர விரலைத் திரை சரியாக எடுக்காது. தொட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் திறக்கும்.

மவுஸ் பூட்டினோம்

சரி, தொடாமலே பாவிக்கலாமே என்று மவுஸையும் விசைப்பலகையையும் பூட்டிக் கொடுத்தேன். அன்ட்ரொயிட் இவற்றை 2011இலேயே ஏற்கத் தொடங்கிவிட்டது. அம்புக்குறி திரையில் வந்தது. இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இங்கேதான் நான் பாடம் படித்தேன். தோள்வலி போனது, வேலை வேகம் வரவில்லை.

ஏன் என்று அறிய ஒரு நாள் பின்னேரம் முழுக்க அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

அக்கா ஒரு கடிதத்தை அச்சிடப் பழைய கணினியில் செய்வது: கண்ட்ரோலும் பியும், பிறகு என்டர். முடிந்தது. இங்கே அந்தக் குறுக்குவழி எங்கள் செயலியில் எடுபடவில்லை. மேல் மூலையில் மூன்று புள்ளி, அதற்குள் ‘பகிர்’, அதற்குள் ‘அச்சிடு’, பிறகு எந்தப் பிரிண்டர் என்ற கேள்வி, கடைசியில் அச்சிடச் சொல்லும் மஞ்சள் வட்டப் பொத்தான். ஐந்து இடம், ஒவ்வொன்றும் திரையின் வேறு வேறு மூலையில். விரலால் போனில் செய்யும்போது இந்த மூலைகளெல்லாம் கட்டைவிரல் தூரத்துக்குள் இருக்கும். 21.5 அங்குலத் திரை ஏறத்தாழ 48 சென்ரிமீற்றர் அகலம். போனுக்காக வரைந்த அதே அமைப்பை இழுத்து விரித்து வைத்தால் அம்புக்குறி ஊர் சுற்ற வேண்டியதுதான்.

1954இல் போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு சமன்பாடே எழுதிவைத்தார். ஒரு இலக்கை எட்ட எடுக்கும் நேரம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிது என்ற இரண்டிலும் தங்கியிருக்கிறது. தூரம் கூடினால் நேரம் கூடும், அளவு கூடினால் நேரம் குறையும். விரல் தடிப்பானது, தொடும்போது தன் இலக்கைத் தானே மறைத்துவிடும். ஆகவே தொடுதிரைக்கு வரைகிறவர்கள் பொத்தானைப் பெரிதாக்குகிறார்கள். கூகிள் அன்ட்ரொயிட்டுக்குச் சொல்லும் அளவு கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர். மவுஸின் அம்பு நுனிக்கு அது தேவையில்லை. எக்செல்லில் ஒரு வரியின் உயரம் வழமையாக 5 மில்லிமீற்றர் அளவுதான், மவுஸ் அதில் தடுமாறுவதே இல்லை. பொத்தான் பெருத்தால் திரையில் கொள்ளும் பொருள் குறையும். குறைந்ததை எங்கே வைப்பது? மூன்று புள்ளிக்குள், மூன்று கோட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். அக்கா தேடியதெல்லாம் அங்கேதான் ஒளிந்து கிடந்தது.

இன்னொன்று, நான் அதற்கு முன் பெயர் வைத்து யோசிக்காதது. மவுஸுக்குத் ‘தொடாமல் மேலே நிற்பது’ என்று ஒரு நிலை உண்டு. ஒரு படத்தின் மேல் அம்பை நிறுத்தினால் அது என்ன செய்யும் என்று சின்னப் பெட்டியில் எழுதிக் காட்டும். அமுக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். விரலுக்கு அப்படி ஒரு நிலை இல்லை. தொட்டால் தொட்டதுதான். அதனால் தொடுதிரைச் செயலிகள் பெரும்பாலும் மேலே நின்றால் ஒன்றும் சொல்லாது. அக்கா ஒவ்வொரு படத்தின் மேலும் அம்பை வைத்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அமுக்கிப் பார்க்கப் பயம், ஏனென்றால் முந்தின நாள் அமுக்கியதில் ஒரு பக்கம் அழிந்துபோயிருந்தது.

அப்புறம் சாளரங்கள். அக்கா எப்போதும் பழைய வினாத்தாளை ஒரு பக்கம், புதியதை ஒரு பக்கம், கால்குலேற்றரை மூலையில் வைத்துக்கொள்வார். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் மாறுவார். அன்ட்ரொயிட் 7 திரையை இரண்டாகப் பிரிக்கும், அதற்கு மேல் இல்லை. நினைவகம் குறைந்த கணினி வேறு, பின்னால் போன செயலியை அது மூடிவிடும். திரும்பி வந்தால் கோப்பு முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். ஒரே நேரத்தில் ஒரு வேலை பார்க்கும் போனுக்கு இது புத்திசாலித்தனம். மூன்று கடதாசியை மேசையில் விரித்து வைத்து வேலை செய்கிறவருக்கு யாரோ வந்து இரண்டைச் சுருட்டிக்கொண்டு போவது மாதிரி.

“எனக்கு வேலை தெரியும், எங்க வச்சிருக்கெண்டுதான் தெரியேல்ல” என்றார் அக்கா. அன்றிரவு வீட்டுக்கு வந்து இந்த வரியைத்தான் முதலில் கொப்பியில் எழுதினேன்.

பெரியவர்களும் விழுந்த குழி

திருகோணமலையில் ஒரு மெக்கானிக் மட்டும் செய்த பிழை இல்லை இது என்பது கொஞ்சம் ஆறுதல். மைக்ரோசொப்ட் 2012 ஒக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8ஐ விட்டது. டப்லெட்டுக்கும் மேசைக் கணினிக்கும் ஒரே முகம் வேண்டும் என்ற எண்ணம். இடது கீழ் மூலையில் 1995இலிருந்து இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு, திரை முழுக்க ஓடுகளைப் பரப்பினார்கள். கணினியை நிறுத்த, அம்பை வலது மூலைக்குக் கொண்டுபோய், வரும் பட்டியில் செற்றிங்ஸ், அதற்குள் பவர் என்று போக வேண்டும். மூலையில் அப்படி ஒன்று இருப்பதற்கு ஒரு அடையாளமும் திரையில் இல்லை. ஃபிட்ஸ் கணக்கில் பார்த்தால் மவுஸுக்கு மூலையைவிடச் சுலபமான இடம் கிடையாது, அம்பு அங்கே போய்த் தானாக முட்டி நிற்கும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால்தானே சுலபம்? அக்கா சொன்னதும் அதுதான்.

2013 ஒக்டோபரில் 8.1 வந்தபோது பொத்தான் திரும்பி வந்தது. 2014 ஏப்ரல் மேம்படுத்தலில், தொடுதிரை இல்லாத கணினி நேராக டெஸ்க்டொப்பில் திறக்கும்படி மாற்றினார்கள். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10இல் டப்லெட் நிலையைத் தனியாகப் பிரித்து, வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

லினக்ஸ் பக்கமும் கிட்டத்தட்ட அதே காலம், அதே ஆசை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2011 ஏப்ரலில் யூனிற்றி என்ற முகத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. பிறகு போன், டப்லெட், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே முகம் என்று ஓடி, 2017 ஏப்ரலில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. லினக்ஸின் இன்னொரு முகமான க்னோம் 3உம் 2011இல்தான் வந்தது. அது பிடிக்காதவர்களுக்காக மேற்றே, சின்னமன் என்று பழைய அமைப்பிலான டெஸ்க்டொப்கள் முளைத்தன. அப்பிள் வேறு வழியில் போனது: மக்கில் விரல் வைக்க விடவில்லை, ஐபாட்டுக்கு 2020இல் மவுஸ் வசதி கொடுத்தபோதும் அம்பைப் போடாமல், பொத்தானுக்குக் கிட்டப் போனால் பொத்தானின் வடிவமாகவே மாறும் ஒரு வட்டத்தைப் போட்டது. மவுஸுக்காக ஏதோ யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இதையெல்லாம் வைத்துத் தொடுதிரை இயங்குதளம் மோசம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மீன் வியாபாரிக்கு விண்டோஸ் 7ஐக் கொடுத்திருந்தால் அவர் கியூஆர் எடுத்திருக்க மாட்டார். ஒரு நாளில் ஒரு தடவை, நின்றபடி, தெரியாத வேலையைச் செய்ய வருகிறவருக்குத் தொடுதிரை கைகொடுக்கும். எட்டு மணி நேரம், உட்கார்ந்தபடி, நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்கிறவருக்கு அது காலில் கட்டிய கல். நான் பார்க்கத் தவறியது இந்த வித்தியாசத்தைத்தான். ‘எல்லாருக்கும் போன் பழக்கம்’ என்று அண்ணனிடம் சொன்னேனே, அக்காவுக்கும் போன் நன்றாகத் தெரியும். வட்ஸ்அப்பில் மகளோடு கதைக்கிறார், யூரியூப்பில் சமையல் பார்க்கிறார். அது அவருடைய ஓய்வு. வேலையில் அவர் ஒரு தட்டச்சுக்காரர், போன் பழக்கம் அங்கே செல்லாது.

செய்தது

செப்ரெம்பர் முடிவில் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். என் யோசனை பிழைத்துவிட்டது, உள்ளே வேறு பெட்டி வேண்டும். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இத விக்கவா?” என்றார். விற்க வேண்டாம் என்றேன். அது நிரந்தரமாகக் கவுண்டரில் வெளியே பார்த்தபடி நின்றது, கையெட்டும் உயரத்தில், கொஞ்சம் சாய்த்து. பதிவுக்கான இணையப் பக்கத்தை மட்டும் முகப்பில் விட்டு, மிச்ச எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை துடைக்கத் துணி ஒன்று பக்கத்தில்.

அக்காவுக்கு ஒரு பாவித்த பெட்டி தேடினேன். எனக்கு வர வேண்டிய கூலியை அதில் கழித்துக்கொண்டேன், அதை ஒரு பெரிய தியாகமாகச் சொல்லவில்லை, நியாயம் அதுதான். விண்டோஸ் 10, பாமினி, பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள். 2001இல் வந்த 7ஆம் பதிப்பு இன்னும் ஓடுகிறது, அச்சகக்காரர் அதில்தான் கோப்புக் கேட்கிறார். பெட்டியின் விசிறி வாயில் மெல்லிய வலை ஒன்றையும் கட்டிவிட்டேன், உப்புக்கு. என் மடிக்கணினியும் வீடு திரும்பியது.

2023 செப்ரெம்பரில் எரிபொருள் கியூஆர் முறையை நிறுத்திவிட்டார்கள். கவுண்டர்த் திரைக்கு வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. பரீட்சை முடிவு பார்க்கப் பிள்ளைகள் வருகிறார்கள், அச்சடிக்கும் படத்தைத் தாங்களே வெட்டிக் கொடுக்கிறார்கள்.

இப்போது புதுத் தலையிடி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அக்காவின் பெட்டி விண்டோஸ் 11 கேட்கும் அளவுக்குப் புதியதில்லை. லினக்ஸ் மின்ற்றைச் சின்னமனோடு போடலாமா என்று யோசிக்கிறேன். பாமினியைப் போடுவது பிரச்சினையே இல்லை, பேஜ்மேக்கர்தான் பிடிவாதம் பிடிக்கும். இந்தத் தடவை அண்ணனிடம் எதுவும் சொல்ல முன்னர் இரண்டு நாள் அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எத்தனை தடவை கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குப் போகிறது, எதைத் தேடும்போது கண் தடுமாறுகிறது, எந்தக் குறுக்குவழியை யோசிக்காமல் அமுக்குகிறார் என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து அழிந்துவிட்டன. புதியது ஒன்று கொண்டுவரவா என்று கேட்டேன். எதற்கு, அதை யார் பார்க்கிறது என்று கேட்டுவிட்டு, கழற்றித் தூசு தட்டித் தரச் சொன்னார்.